மெர்லினின் பன்னிரண்டு தாள்கள்

ஆரோன் தங்கையின் முகத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு ஏற்றினான். இடது கன்னம் வெளுத்தே வந்துகொண்டிருந்தது. மையைச் சரிசெய்து, நல்ல தாளை வீணாக்காமல் இன்னொரு வேஸ்ட் தாளை மெஷினில் கொடுத்தான். விடிகாலையில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் மெர்லின் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு மணிக்கு அடக்கம். பத்து மணிக்குள் ராசிபுரம் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஏறியாக வேண்டும். ஊரில் யார் செத்தாலும் போஸ்டர் அவன் அச்சகத்தில்தான். தங்கைக்கு வேறு ஆள் அடிப்பதா என்று மெஷின்காரர் காளிதாஸை ஒதுக்கிவிட்டுத் தானே நின்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெர்லினின் மகள் நான்சி அழாமல் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மாமா, அம்மா பிரிண்ட்டெல்லாம் பத்தரமுங்க. திங்கக்கெழமை லிஸ்பனுக்கு அனுப்போணும். அம்மா பேர்ல மொதக் கண்காட்சி. கடைசியா அதைத்தான் கேட்டாங்க."

"நான் பாத்துக்கறேன் சாமி," என்றான். அவை அவள் வீட்டில் கண்ணாடி போட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மெர்லின் டிராயிங் டீச்சர். போன வருஷம் லிஸ்பனில் இரண்டு மாதம் தங்கி அச்சுப்படம் பழகி வந்தாள். கடலைப் பற்றி, கோயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பற்றித்தான் பேசினாள்.

"போஸ்டர் மேல போஸ்டரா ஒட்டியிருக்குதுண்ணா. கிழிஞ்ச எடத்துல அடியில இருக்கற நெறம் எட்டிப் பாக்குது. நம்ம பஸ் ஸ்டாண்டு செவுரும் அப்படித்தான். இருவது வருசமா அது பக்கத்துல நின்னுதான் பஸ் ஏறறேன். அங்க போய்த்தான் இதைப் பாத்தேன்."

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் அச்சகத்துக்கு வந்துவிடுவாள். மூலையிலிருந்த பழைய கை மெஷினில், ஆரோனின் போஸ்டர் தாளிலேயே, ஒரு நிறம் ஜன்னலோரம் காய்ந்தபிறகு இன்னொன்றாக ஏழெட்டு அடுக்கு ஏற்றுவாள். உருவம் எதுவும் இருக்காது. செங்கல் நிறத்துக்கடியில் நீலம், அதற்கும் அடியில் ஒரு மஞ்சள் கீறல்.

"நான் தூக்கிப் போடற வேஸ்ட்டும் இப்படித்தான் இருக்குது. இதுக்கு நீ பிளேன் ஏறிப் போய்ட்டு வந்தயா?" என்று கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். அவன் ஒரு தாளைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது தாளில் கன்னம் சரியாக வந்தது. நல்ல தாள் ஓடி முடிந்ததும் காளிதாஸ் வேஸ்ட்டை அள்ளினார். அள்ளியவர் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதை எங்கிருந்து எடுத்தீங்க?"

"ஜன்னலோரம் கெடந்துச்சு. வேஸ்ட்டுதான?"

"அடியில பென்சில்ல நம்பர் இருக்குதுங்க. அம்மிணி கையெழுத்தும் போட்டிருக்குது."

ஆரோன் வாங்கிப் பார்த்தான். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இருந்தது. எல்லா நிறத்துக்கும் மேலே மெர்லின் கறுப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பிறந்த தேதி, இறந்த தேதி, அடக்கம் மாலை நான்கு மணி. முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

"நான்சி பாப்பாகிட்டச் சொல்லாதீங்க. தேடிக் கெடைக்கலைன்னுருவோம்," என்றார் காளிதாஸ் மெதுவாக.

 ஆரோன் பன்னிரண்டையும் ஓர் அட்டைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு மெர்லின் வீட்டுக்கு நடந்தான்.

நான்சி சவப்பெட்டியருகிலிருந்து எழுந்து வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஆரோனுக்குத் துணிவில்லை.

"நான்தான் சாமி. பாக்காம ஓட்டிட்டேன்."

அவள் மேல் தாளை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மை காஞ்சுருச்சுங்களா மாமா?"

"இல்ல."

"திங்கக்கெழமைக்குள்ள காஞ்சுரோணும்," என்று நான்சி கூடத்துத் தரையில் தாள்களை ஒவ்வொன்றாக விரித்தாள். மாலையோடு வந்தவர்கள் மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி, ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியை நோக்கிப் போனார்கள்.