ரவை கேட்கும் ரிவால்வர்

“அதுக்குள்ள திருடன் என்ன பண்ணிக்கிட்டிருப்பான்?” என்று சமையலறை ஜன்னலில் நின்று கேட்டாள் போஷெனா.

“உக்கார வெச்சு டீ குடு. நான் வந்துடறேன்,” என்றான் அவள் கணவன் லுட்விக்.

பழங்கால மாதிரி என்பதால் உரிமம் கேட்காத, லுப்ளின் நகரக் கடையிலேயே மலிவான பித்தளைச் சட்ட ரிவால்வரை, வீட்டுக் காவலுக்கென்று அன்றுதான் வாங்கியிருந்தான். அடுப்பில் பால் பொங்குவதற்குள் அதன் ஆறு குண்டு அறைகளையும் நிரப்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தோட்டத்து மேசையில் அவன் கருமருந்து போட்டான், அதன்மேல் இடம் நிரப்பக் கோதுமை ரவை, ஈயக்குண்டு, அறையின் வாயடைக்கப் பன்றிக்கொழுப்பு.

“சுடப்போறியா, சமைக்கப்போறியா?”

நான்காவது அறையில் அவன் ரவை தீர்ந்தது. பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த ரவை, கஞ்சிக்காக அவள் கையில் இருந்தது.

“போஷென்கா, கண்ணு, அதுல ரெண்டு சிட்டிகை குடேன்.”