பதினோரு மணித் தண்ணீர்

முதல் இன்டர்னல் தேர்வில் கோகிலவாணி ஐம்பதுக்குப் பதினான்கு வாங்கியிருந்தாள். எம்.எஸ்ஸி. கணிதத்தில் மற்ற பாடங்களை எப்படியாவது மனப்பாடம் பண்ணிக் கரையேறிவிடலாம். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், பிள்ளைகள் வாயில் பி.டி.இ., அதற்கு மசியவில்லை. அந்த வகுப்பில் அவள் எப்போதும் கடைசி வரிசையில், பேராசிரியை அறிவுமதியின் கண் படாத மூலையில் உட்காருவாள்.

ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அறிவுமதி பலகையில் குறுக்கே ஆற்றின் தூரத்தையும் நெடுக்கே நேரத்தையும் குறித்துவிட்டு இரண்டு கோடுகள் போட்டார்.

"இது முதல்ல தொறந்த சின்னத் தண்ணி. இது கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்த பெரிய தண்ணி. மட்டம் கூடக் கூட அலையோட வேகமும் கூடும். அதனால பின்னால வர்றது முன்னால போறதை எட்டிப் பிடிச்சிரும்." கோடுகள் சந்தித்த இடத்தில் சுண்ணக்கட்டியை வைத்து அழுத்தினார். "இதுக்கு மேல நம்ம விடை உடைஞ்சு போகுது. ஒரே இடத்துல ஒரே நேரத்துல ரெண்டு மட்டம் இருக்க முடியாது. அங்க தண்ணி சுவர் மாதிரி எந்திரிச்சு நிக்கும்."

மடியில் இருந்த செல்போன் அதிர்ந்தது. ஊர் வாட்ஸ்அப் குழு. மேலணையில் காலை ஆறு மணிக்கு ஆறாயிரம் கன அடியும், ஒன்பது மணிக்கு அறுபதாயிரம் கன அடியும் திறந்திருக்கிறார்கள் என்று செய்தி. அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஆறு மணித் தண்ணி நம்மூருக்குப் பதினொண்ணுக்கு வரும். பெரிய தண்ணி ரெண்டு மணிக்குத்தான். அவசரமில்லை.'

ஊர்க் கணக்கு அதுதான். மேலணையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். அவள் அப்பா மாதையனும் அந்தக் கணக்கை நம்பித்தான் மூன்று எருமைகளை ஆற்று நடுவே இருக்கும் திட்டுக்கு ஓட்டிப்போவார். சின்னத் தண்ணீர் வந்தால் இடுப்பளவு. நடந்தே திரும்பிவிடுவார். செல்போனை நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

கோகிலவாணி நோட்டைத் திருப்பினாள். போன வாரம் எழுதிய சூத்திரம் அங்கே இருந்தது. தண்ணீர் பத்து மடங்கு என்றால் ஆழம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆழம் நான்கு மடங்கு என்றால் வேகம் இரண்டரை மடங்கு. ஐந்து மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம். ஒன்பதும் இரண்டும் பதினொன்று.

அவள் போடும் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் போகும். இதுவும் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி போட்டாள். மறுபடியும் பதினொன்று. மணி அப்போது பத்தே கால்.

எழுந்து நேராகப் பலகைக்குப் போனாள். "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க. எங்கப்பா திட்டுல இருக்காருங்க."

அறிவுமதி நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார்.

"இது அகலமான, ஒரே சீரான ஆத்துக்குப் போட்ட கணக்கு. நிஜ ஆத்துல பாறை இருக்கும், வளைவு இருக்கும். பதினொண்ணுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ரெண்டு மணி வரைக்கும் ஆகாது. அது மட்டும் நிச்சயம்." மேசையிலிருந்த ஸ்கூட்டி சாவியை அவள் கையில் வைத்தார். "போ. பாத்துப் போ."

வாசலில் நின்று அம்மாவுக்கு இரண்டு முறை போன் அடித்தாள். அம்மா உண்ணாமலை பள்ளிபாளையத்தில் ஒரு தறிப் பட்டறையில் இருந்தாள். தறிச் சத்தத்தில் எடுக்கவில்லை. குழுவில், 'இப்பவே வந்துரும், எங்கப்பாவைக் கூப்புடுங்க' என்று போட்டாள். 'ரெண்டு மணிக்குத்தான் சாமி, பயப்படாத' என்று பதில் வந்தது.

ஒன்பது கிலோமீட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படித்துறையில் வண்டியைச் சாய்த்தபோது பத்து ஐம்பது. ஆறு எப்போதும்போல் கணுக்கால் அளவில், பாறைகளுக்கிடையே சிலுசிலுத்துக்கொண்டிருந்தது. திட்டில் வேலமரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வாங்க. ஒம்பது மணிக்கே பெரிய தண்ணி தொறந்துட்டாங்க, வருது."

"ரெண்டு மணிக்குத்தானம்மணி வரும். நீ ஏன் காலேசுக்குப் போகாம நிக்கிறே?"

நோட்டைக் காட்டி அவரை வரவழைக்க முடியாது. அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "அம்மா தறியில மயங்கி உழுந்திருச்சுங்கப்பா."

மாதையன் துண்டைக்கூட எடுக்கவில்லை. எருமைகளை அப்படியே விட்டுவிட்டுப் பாறைக்குப் பாறை தாவி வந்தார். கரையேறியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உண்மையைச் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கியது. "தாயி உழுந்திருச்சுன்னு பொய் சொல்ல எப்பிடி மனசு வந்துச்சு?"

பதினொன்று ஆனது. ஒன்றும் வரவில்லை. பதினொன்று ஐந்து. பத்து. ஆறு மணித் தண்ணீரையே காணோம். கோகிலவாணிக்கு இப்போது வேறு பயம் பிடித்தது. பதினான்கு மதிப்பெண் வாங்கியவளின் கணக்கு. வகுப்பே பார்த்தது. மேடத்தின் வண்டி வேறு. தப்பாக இருந்தால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"எரும தனியா நிக்குது, உடு," என்று அப்பா கையை உதறிவிட்டு மறுபடி ஆற்றில் இறங்கினார். அவள் பின்னாலேயே இறங்கி அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் அவளையும் இழுத்துக்கொண்டு நான்கு பாறைகள் கடந்தார்.

திட்டில் எருமைகள் மூன்றும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தன.

மாதையன் நின்றார். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போவதுபோல ஓர் இரைச்சல். வளைவுக்கு அப்பால் கொக்குகள் கூட்டமாக எழும்பின. அவர் மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார். அவர்கள் எட்டாவது படியில் விழுந்தபோது வளைவில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று மரக்கிளைகளை முன்னே தள்ளிக்கொண்டு திரும்பியது. சற்று முன் அவர்கள் நின்ற பாறைகள் ஒரு நொடியில் இல்லை. அடுத்து திட்டு இல்லை. வேலமரத்தின் உச்சி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பதினொன்று இருபது.

இரண்டு எருமைகள் நீந்தி, இரண்டு மைல் கீழே ஒரு கரும்புத் தோட்டத்தில் ஏறி நின்றன. சினையாக இருந்த மூன்றாவதைத் தேடி மாதையன் ஜேடர்பாளையம் வரை போய்ப் பார்த்தார். கிடைக்கவில்லை.

மேடத்தின் வண்டியை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை அவள் கல்லூரிக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே அம்மாளச் சொல்லிக் கூப்புடாத சாமி. தண்ணின்னே சொல்லு, வாரேன்."

"சரிங்கப்பா," என்றாள். பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி, அக்கரை வரும்வரை நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.