படிக்காமல் அழித்த பதிவு

புருல்கனுக்குச் சைகலைக் கண்டாலே வயிறு எரியும். காணக்கூட வேண்டாம், போனில் அவள் பெயர் வந்தாலே போதும்.

கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரியின் தென்கரையில் ஆப்ரிகாட் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக டெலிகிராமில் குழு தொடங்கியவள் புருல்கன். விதிகளை எழுதியவளும் அவளே. கேட்க வந்ததை முதல் வரியிலேயே கேட்க வேண்டும். ஒரு பதிவில் ஒரு விஷயம்தான். யாராவது முன்பே பதில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். நலம் விசாரிப்பு கூடவே கூடாது. இந்தக் கடைசி விதிதான் யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. உடம்பு, பிள்ளைகள், ஆடுமாடு என்று எல்லாவற்றையும் கேட்காமல் விஷயத்துக்கு வருகிற கிர்கிஸ்காரர் எங்கே இருக்கிறார்? ஆனாலும் புருல்கனின் வாய்க்குப் பயந்து அடங்கிக் கிடந்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊருக்கு மருமகளாக வந்தாள் சைகல். குழுவில் சேர்ந்த அன்றே, "அக்காமாரே, அண்ணன்மாரே, எல்லாரும் சுகமா? குல்ஷான் அக்கா, முட்டிவலி தேவலையா? பேரன் நடக்குறானா?" என்று ஆரம்பித்தாள். மரத்தில் பிசின் வடிகிறது என்ற விஷயம் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. புருல்கன் கண்டித்தாள். சைகல் மன்னிப்புக் கேட்டாள், அடுத்த முறையும் அப்படியே எழுதினாள். அவள் பதிவுக்கு இதயமும் சிரிப்புமாகக் குவிந்தது. மருந்து தெளிக்கும் முறையைப் பற்றிப் புருல்கன் பார்த்துப் பார்த்து எழுதிய பதிவை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை.

ஒருநாள் குழுவிலிருந்த அசன்பெக் பெரியவர் எழுதினார். "சைகலையும் அட்மினாப் போட்டுடேம்மா. அந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் குழுவுக்கு உசிரே வந்துச்சு."

புருல்கனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தான் கட்டிக் காத்த இடத்தில் நேற்று வந்தவள் உட்காருவதா?

"குழு என்ன உன் பேர்ல பட்டா போட்டதா?" என்றான் புருஷன் தெமிர். "பாதி வேலைய அவகிட்டத் தள்ளிட்டுத் தோட்டத்தப் பாரு."

மரங்கள் பூத்துக் குலுங்கிய வாரத்தில் ஒரு மதியம் புருல்கன் எண்ணெயில் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். சைகலின் பதிவு வந்தது, முழ நீளத்துக்கு. 'அக்காமாரே, சுகமா' என்பதைத் தாண்டி அவள் கண் போகவில்லை. மாவு விரலாலேயே அழித்தாள். மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

விடிந்து பார்த்தால் ஊர் முழுக்கப் புகை. புருல்கனின் தோட்டத்தில் மட்டும் உறைபனி இறங்கிப் பூவெல்லாம் கருகிக் கிடந்தது. அக்கம்பக்கம் விசாரித்துவிட்டு வந்தான் தெமிர்.

"மலை மேல ஆட்டுப்பட்டியில இருக்கிற சைகலோட அண்ணன், குளிர் இறங்குதுன்னு சொல்லியிருக்கான். அவ ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டிருக்கா. எல்லாரும் வைக்கோலும் சாணமும் கொளுத்தி, பனி படியாமப் புகை போட்டுத் தோட்டத்தக் காப்பாத்திட்டாங்க. நமக்கு மட்டும் ஏன் சொல்லல?"

வேண்டுமென்றே செய்திருக்கிறாள்! புருல்கன் கொதித்துப்போய் அவளைப் போனில் கூப்பிட்டாள். "என் தோட்டம் கருகணும்னுதானே சொல்லாம விட்ட?"

"ஐயோ, பதிவுல எழுதியிருந்தேனே அக்கா." சைகலின் குரல் தடுமாறியது. "நீங்க படிச்சுத்தானே அழிச்சிருப்பீங்க? நலம் விசாரிச்சதுக்காக எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். திரும்பப் போட்டா உங்கள எதிர்த்த மாதிரி ஆயிடும்னு மத்தவங்களத் தனித்தனியாக் கூப்பிட்டேன்."

சைகலே தொடர்ந்தாள்.

"குழுவுல கேட்டவங்ககிட்ட, கை தவறி நானே அழிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். அது நமக்குள்ளேயே இருக்கட்டும். பூ போனாலும் மரத்துக்கு ஏதும் ஆகலையே அக்கா?"

"இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள் புருல்கன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. மானத்தைக்கூட இவளிடம் பிச்சையாகத்தான் வாங்க வேண்டுமா?

குழுவைத் திறந்து எழுதினாள்: "நேற்றுச் சைகலின் பதிவை அழித்தது நான். படிக்காமலே அழித்தேன். என் தோட்டம் போயிற்று. இனி சைகலும் அட்மின்."

மளமளவென்று வாழ்த்துகள் கொட்டின, எல்லாம் சைகலுக்கு. புருல்கன் ஒன்று விடாமல் கடைசி வரை படித்தாள். பொறாமை ஒரு துளியும் குறையவில்லை.