இமானுவேல் படகின் பெட்டி

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல். ராமநாதபுரத்தில் தான் வேலை பார்க்கும் இன்வெர்ட்டர் கடையில் ரெக்ஸ் ஒரு போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“பாம்பன் ரெக்ஸ்ங்களா? நான் கீழக்கரை நெய்னா முகம்மது பேசுறேன். எங்க படகு வலையில ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஏறிருக்கு தம்பி. தொறந்தா மூடிக்குள்ள உங்க பேரும் நம்பரும் எழுதிருக்கு. உள்ள என்னமோ கம்ப்யூட்டர் சாமான் மாதிரி இருக்கு.”

“வெள்ளப் பெட்டியா?”

“வெள்ளையாத்தான் இருந்திருக்கும். இப்பப் பாசி புடிச்சுக் கெடக்கு.”

“கழுவிராதீங்க பாய். அப்படியே வைங்க. வாரேன்.”

போனை வைத்துவிட்டு ரெக்ஸ் பாதியில் விட்ட ஈயத்தை வைத்து முடித்தான். அந்த இன்வெர்ட்டரை மாட்டி, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து, உரியவரிடம் கொடுத்து அனுப்பினான். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டான். அதற்குப் பிறகுதான் பைக்கை எடுத்தான். அண்ணன் காணாமல் போன இந்த நான்கு மாதத்தில் அவனுக்கு எல்லாமே இப்படி ஆகிவிட்டது. எது வந்தாலும் அதன் முறைக்குக் காத்திருந்து, முறை வந்ததும் நடந்து முடிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ரெக்ஸ் பாம்பன் தெற்குவாடி சந்தியாகுவின் இளைய மகன். முப்பத்தொரு வயது. அப்பாவும் அண்ணன் இமானுவேலும் கடலுக்குப் போனார்கள். ரெக்ஸுக்குப் படகில் ஏறினால் குமட்டும். பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கடை வேலைக்கு வந்தவன், ஆறு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் ராஸ்பெர்ரி பை என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கினான். ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும். வீடியோ பார்த்துப் பார்த்து, பத்து வரி புரோகிராம் எழுதி, ஒரு சிவப்பு விளக்கை விட்டுவிட்டு எரிய வைத்தான். அன்று முழுக்க வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த விளக்கைக் காட்டினான். அடுத்து மொட்டைமாடியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று வைத்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் இமானுவேல் கேட்டான்.

“காத்த அளந்து என்னலே செய்யப்போற? நான் கடல்ல எங்கன கெடக்கேன்னு காட்டுமா ஒம் போர்டு?”

கேலியாகக் கேட்டதை ரெக்ஸ் காரியமாக எடுத்துக்கொண்டான். இரண்டு மாதம் ஆனது. இன்னும் சிறிய ஒரு போர்டு, இடம் காட்டும் ஜிபிஎஸ், தொலைவுக்குச் சேதி அனுப்பும் ரேடியோ மூன்றையும் வயர்மேன்கள் சுவரில் பொருத்தும் வெள்ளைப் பெட்டி ஒன்றில் அடைத்து, அண்ணன் படகில் திருகி வைத்தான். பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறை தன் இடத்தை உள்ளே இருக்கும் மெமரி கார்டில் எழுதிக்கொள்ளும். கால் மணிக்கு ஒரு முறை வீட்டு மாடிக்கு அனுப்பும். மாடியில் இருக்கும் போர்டு அதை வாங்கி வரைபடத்தில் புள்ளி வைக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு பட்டனும் உண்டு. ஆபத்து என்றால் அமுக்க வேண்டும், அந்த நொடியே சேதி போகும். அண்ணன் மனைவி ஆன்சி தங்கச்சிமடத்தில் நர்சரி டீச்சர். லீவு நாட்களில் போனில் புள்ளியைப் பார்த்து, அது குருசடைத் தீவைத் தாண்டியதும் உலை வைப்பாள்.

போன நவம்பரில் ஒரு நாள் இமானுவேல் சொன்னான். “ஏலே, ஒம் பெட்டி பாட்டரியக் குடிக்கிது. லைட்டுக்குப் பத்த மாட்டேங்குது.”

ரேடியோவின் பலத்தை முடிவு செய்வது புரோகிராமில் ஒரே ஒரு வரி. இருபது என்றிருந்ததை ரெக்ஸ் பதின்மூன்று ஆக்கினான். மாடியில் சேதி வருகிறதா என்று கரையில் வைத்தே பார்த்தான். வந்தது.

ஒன்பதாவது நாள் இமானுவேல் நண்டு வலை எடுக்கத் தனியாகப் போனான். காலையிலேயே வாடைக்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. பத்து மணி, பத்தே கால், பத்தரை, பத்தே முக்கால் என்று நான்கு புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தன. அப்புறம் எதுவும் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குத் தேடப் படகுகள் கிளம்பியபோது சந்தியாகு தென்மேற்கே கை காட்டினார்.

“வாடை இந்த அடி அடிக்கிது. எஞ்சின் நின்னு போயிருந்தா அங்கனதான் இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“நாலு புள்ளியும் ஒரே எடத்துல இருக்கு அய்யா. நங்கூரம் போட்டுத்தான் நிக்கிறாக. பெட்டிதான் நனைஞ்சு நின்னுருக்கும்” என்று ரெக்ஸ் போனைக் காட்டினான்.

படகுக்காரர்கள் போனைப் பார்த்தார்கள். போன் காட்டிய இடத்துக்கே போனார்கள். இருட்டும்வரை அங்கேயே சுற்றினார்கள். மூன்றாம் நாள் முசல் தீவுக்குத் தெற்கே படகு கவிழ்ந்து மிதந்தது. ஆள் இல்லை. பெட்டி இருந்த இடத்தில் திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. சவப்பெட்டி இல்லாமலேயே கோயிலில் பூசை நடந்தது. அந்தப் பிற்பகலைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, மகனும் பேசவில்லை.

கீழக்கரையில் நெய்னா முகம்மது பெட்டியை ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார். யாருடையது என்று கேட்டார். ரெக்ஸ் சொன்னான். அவர் டீ வரவழைத்தார். ரெக்ஸ் குடித்தான். பெட்டியைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து, மடியோடு அணைத்துக்கொண்டு வீடு வந்தான்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை வெளிச்சத்தில் மாடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். மூடியில் சிப்பி ஒட்டியிருந்தது. உள்ளே போர்டு பச்சை பூத்திருந்தது. ஜிபிஎஸ் கம்பி கையில் எடுத்ததும் பொடிந்தது. மெமரி கார்டு நகத்தளவுதான். அதை பாட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் மூன்று தடவை அலசி, ஸ்பிரிட்டில் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் காயவிட்டான். லேப்டாப்பில் செருகியபோது முதல் தடவை எதுவும் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. செப்புக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தான். மூன்றாம் தடவை கார்டு வந்தது. எதையும் திறக்கும் முன் முழுக் கார்டையும் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டான். வாடிக்கையாளரின் கார்டாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான்.

ஃபைல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், வேகம், பாட்டரி வோல்ட், கடைசியில் பட்டன். அமுக்காவிட்டால் பூஜ்யம், அமுக்கினால் ஒன்று.

10:45. மாடிக்கு வந்து சேர்ந்த கடைசிப் புள்ளி.

10:50க்கு வோல்ட் ஏறியது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அடுத்த வலைக்கு என்று தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போயிருக்கிறான். 11:02க்கு இறங்கியது. பிறகு ஏறவே இல்லை. ஏன் நின்றது என்பது பெட்டிக்குத் தெரியாது. 11:04லிருந்து படகு காற்றின் போக்கில் தென்மேற்காக நகரத் தொடங்கியது. மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, நடந்து போகிறவனின் வேகம்கூட இல்லை.

11:09, பட்டன் ஒன்று. 11:10, ஒன்று. 11:11, ஒன்று. பிறகு பூஜ்யங்கள். பிறகு மறுபடி ஒன்று.

ரெக்ஸ் ஃபைலை உருட்டிக்கொண்டே போனான். கண்ணால் எண்ணினால் தப்பும் என்று நான்கு வரியில் ஒரு புரோகிராம் எழுதி எண்ணினான். நாற்பத்து மூன்று. முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் பத்தொன்பது. கடைசி ஒன்று மாலை 3:58க்கு. ஃபைலின் கடைசி வரி 4:26.

தேடிப் போன படகுகள் மூன்று மணிக்கே அந்த நான்கு புள்ளிகள் விழுந்த இடத்துக்குப் போய்விட்டன. அந்த நேரத்தில் இமானுவேல் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, அப்பா கை காட்டிய திசையில், படகோடு இருந்திருக்கிறான்.

ரெக்ஸ் லேப்டாப்பை மூடினான். அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தான். வரவில்லை. கீழே குக்கர் விசில் அடித்தது. மாடியில் சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டு இறங்கினான்.

சாயங்காலம் ஆன்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சந்தியாகு வாசலில் வலைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

“மதினி, அண்ணன் பெட்டி கெடச்சிருச்சு. கார்டுல எல்லாம் இருக்கு.”

ஆன்சி திரும்பவில்லை. ஒரு துண்டை மடித்துத் தோளில் போட்டாள். “எத்தன மணி வரைக்கும்?”

“நாலு இருபத்தாறு.”

“பட்டன அமுக்குனாரா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஃபைல் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. பொய் சொல்வதற்குக்கூட உள்ளே ஏதோ ஒன்று எழுந்து வர வேண்டியிருந்தது. அது வரவில்லை.

“அமுக்குனாக. நாப்பத்தி மூணு தடவ.”

“நமக்கு ஒண்ணுகூட வரலையே.”

“நான் பவரக் கொறச்சு வச்சிருந்தேன் மதினி. பாட்டரி எறங்குதுன்னு அண்ணன் சொன்னாகள்ல, அதுக்காக. அவுககிட்ட சொல்லல.”

ஆன்சி மீதித் துணியையும் எடுத்தாள். “பாட்டரி எறங்குதுன்னு என்கிட்டயும் சொன்னாரு” என்றாள். துணியோடு உள்ளே போனாள்.

சந்தியாகுவின் கை கயிற்றில் நின்றிருந்தது. கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “கொறைக்காம இருந்தா இங்கன கேட்டிருக்குமா?”

“தெரியல அய்யா.”

“பாத்தா தெரியுமா?”

“அதே எடத்துக்குப் போயி அனுப்பிப் பாத்தா தெரியும்.”

“ஞாயித்துக்கெழம காத்து இருக்காது. இன்னொரு பெட்டி செஞ்சு வையி.”

ரெக்ஸ் செய்தான். மீதிக் கிடந்த போர்டில் அதே புரோகிராமை ஏற்றினான். ரேடியோவின் ஆன்டெனா கம்பியைப் பழைய பெட்டியில் இருந்த அதே நீளத்துக்கு நறுக்கினான். ஞாயிறு காலை ஆன்சி ஒரு நோட்டோடு மாடியில் உட்கார்ந்தாள். சேதி வந்தால் எண்ணையும் நேரத்தையும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சந்தியாகுவின் வள்ளத்தில் இருவரும் போனார்கள். ரெக்ஸ் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் காலால் அவன் பக்கம் தள்ளினார். முதல் பட்டன் அமுக்கிய இடத்துக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பாம்பன் பாலம் கோடாகக்கூடத் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை.

ரெக்ஸ் பலத்தைப் பதின்மூன்றில் வைத்துப் பத்து முறை பட்டனை அமுக்கினான். இடையிடையே ஒரு நிமிடம் விட்டான். பிறகு இருபதாக்கிப் பத்து முறை. ஒவ்வொரு தடவையும் பெட்டியின் பச்சை விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அனுப்பிவிட்டேன் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அண்ணனுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த விளக்கு எரிந்திருக்கும். போய்ச் சேர்ந்துவிட்டது என்றே அவன் நினைத்திருப்பான். அதை நினைத்தபோது ரெக்ஸுக்குக் கட்டைவிரல் மரத்ததுபோல் இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு அய்யா.”

சந்தியாகு உடனே எஞ்சினைத் தொடவில்லை. தென்மேற்கே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கரைக்குத் திருப்பினார்.

ஆன்சி நோட்டோடு கடற்கரைக்கே வந்திருந்தாள். வள்ளம் தரை தட்டியதும் தண்ணீரில் கணுக்கால்வரை இறங்கி நின்றாள்.

“மொதப் பத்துல ஒண்ணும் வரல. அடுத்த பத்துல நாலு வந்துச்சு.”

பத்துக்கு நாலு என்றால், முதல் மணி நேரத்துப் பத்தொன்பதில் ஏழு சேதியாவது வந்திருக்கும். மணி பதினொன்றரைகூட ஆகும் முன்பே தெரிந்திருக்கும். ரெக்ஸ் கணக்கைப் போட்டு முடித்தான்.

“இருவதுல விட்டிருந்தா கேட்டிருக்கும் அய்யா” என்றான்.

“கேட்டிருக்கும்” என்றார் சந்தியாகு. அன்றைக்குக் கடல் இப்படியா இருந்தது, அலையில் இதுவும் வந்திருக்காது என்று அவர் சொல்லியிருக்கலாம். ரெக்ஸுக்கே அது தெரியும். அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஆன்சி நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

மீன் ஏலம் எடுக்கும் ஆள் ஒருவர் கூடையோடு வந்து வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். “என்ன சந்தியாகண்ணே, மீன்பாடு ஒண்ணும் இல்லையா?”

“வல போடல. சும்மா போயிட்டு வாரோம்.”

அவர் போனதும் சந்தியாகு இறங்கி, வள்ளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

“ரெக்ஸு, நீ அந்தப் பக்கம் புடி.”

ரெக்ஸ் பிடித்தான். ஆன்சி நோட்டை மணலில் வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினாள். நான்கைந்து இழுப்பில் வள்ளம் மேட்டுக்கு ஏறியது.