'யாருமில்லை' என்று தட்டச்சு செய்தவன்

1.
இந்தக் கதை என் பிழையிலிருந்து பிறந்தது. மோனோ ஏரிக்குத் தெற்கே ஒரு வன அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பண்டோரா அந்துப்பூச்சியின் புழுக்கள் பைன் மரங்களை மொட்டையடிக்கின்றன, ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப்படும் என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். 'பாதிக்கப்படுவோர்' என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று போட்டேன்.

2.
முதல் தொடக்கம்: 'பைன் பட்டைகளின் மேல் காலைச் சூரியன் பொன்னை...'

(அடித்துவிட்டேன். வெர்னாவுக்குச் சூரியனைப் பார்க்க நேரமில்லை.)

வெர்னா டாம், பையூட் என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவள். பள்ளிச் சமையலறையில் வேலை. ஓராண்டு விட்டு ஓராண்டு, ஜூலையில், புழுக்கள் மண்ணில் புதைய மரத்தைவிட்டு இறங்கும். அவள் மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவாள். விழுபவற்றைச் சுடுமணலில் வறுத்து உலர்த்துவாள். அந்த உணவுக்குப் பியாகி என்று பெயர்.

3.
அறிவிப்பைப் படித்த அன்றே, தம்பி டெல்பர்ட்டுடன், ஒரு கிண்ணம் பியாகியை அவித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி ஹார்லன்.

"நீங்க மருந்தடிக்கப் போறது. சாப்பிடுங்க, ஆறிடும்."

"மரம் செத்துப் போயிடும்மா."

"மொட்டையாகும், மறுபடி துளிர்க்கும். உங்க தலை மாதிரி இல்ல சார்," என்றான் டெல்பர்ட்.

(முதல் வரைவில் ஹார்லன் ஒன்றைத் தின்று, கண்கலங்கி, உத்தரவைக் கிழித்தார். எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அவர் காப்பி குடித்தார்.)

"செவ்வாய் காலையில ஹெலிகாப்டர் வருது," என்றார்.

வெர்னா கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "யாருமில்லைன்னு அடிச்சது நீதானா?"

தின்றேன். ருசி ஏறக்குறைய காளானைப்... வேண்டாம். இரண்டாவதும் தின்றேன்.

4.
செவ்வாய் காலை வெர்னாவும் டெல்பர்ட்டும் மரத்தடியில் பள்ளம் வெட்டினார்கள். கீழே ஆளிருந்தால் மருந்து விடக் கூடாது என்பது விதி. ஹெலிகாப்டர் மூன்று முறை வட்டமடித்தது. வெர்னா நிமிரவில்லை. 'அஞ்சாதவள்' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் திருத்துகிறேன்: ஒவ்வொரு வட்டத்துக்கும் அவள் மண்வெட்டி குறி தவறி வேரில் பட்டது.

ஹெலிகாப்டர் திரும்பிப் போனது. இனித் தினமும் வரும் என்றார் ஹார்லன். புழுக்கள் இறங்கி முடிக்க இன்னும் பத்து நாளாகும்.*

* மண்ணுக்குள் போன கூட்டுப்புழு சில சமயம் ஐந்தாண்டுகூட வெளியே வராமல் காத்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் அந்த வசதி இல்லை.

5.
கதைக்கு நான் யோசித்த முடிவுகள்: மழை வருகிறது. ஹார்லனுக்கு மாற்றல் வருகிறது. விமானிக்கு மனச்சாட்சி வருகிறது. மூன்றும் எனக்கு மட்டுமே சௌகரியம்.

கதை எழுதுவதை வெர்னாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"அதுல நாங்க எத்தனை நாள் தாங்குறோம்?"

"நான் முடிவு பண்ணலைக்கா. படிக்கிறவங்க கிட்ட விட்டுடலாம்னு..."

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அவங்களயும் வரச்சொல்லு. ஆளுக்கொரு மண்வெட்டியோட."