கட்டம் காலியாக இருக்கக் கூடாது

நாகேஷுக்கு என்னவோ சரியில்லை என்று சனிக்கிழமையே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்டின் டவுனில் என் வீட்டில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அன்று எனக்கு வேறு பக்கம் மூன்று வீடுகள். எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு அவன் வீடு இருக்கும் நீலசந்திராவுக்குத் திருப்பினேன். இரண்டு நாளாக மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சிக்னலில் முன்னால் நின்ற தண்ணீர் லாரிக்காரனிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். பெயர் சங்கமித்ரா. பெயரில் இருக்கும் சாந்தம் ஆளிடம் இல்லை என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அறிவு வளர்ச்சி குறைந்து, உடம்பிலும் பல சிக்கல்கள் சேர்ந்துகொண்ட பெரியவர்கள்தான் என் பொறுப்பு. நாகேஷுக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சில்லை, நடையில்லை, வலிப்புக்கு மூன்று மாத்திரை. சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல அவனால் முடியாது. அதனால்தான் வாரத்துக்கு ஒரு தாள் கொடுத்திருந்தேன். ஞாயிறு முதல் சனி வரை கட்டங்கள். எத்தனை வலிப்பு, எவ்வளவு தண்ணீர், மலம் போனதா. போனால் டிக், போகாவிட்டால் இன்ட்டு. படுத்தே கிடக்கும் உடம்பில் மலச்சிக்கல் சின்ன விஷயமில்லை, ஆளையே கொண்டுபோய்விடும்.

சனிக்கிழமை நான் போனபோது நாகேஷ் பின்மண்டையைச் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தான். ஊட்டியதைத் துப்பினான். தாளைப் பார்த்தேன், ஏழு நாளும் டிக். வயிற்றில் கோளாறு இல்லை, வெறும் பிடிவாதம் என்று நானே முடிவுகட்டி, மனநல டாக்டருக்குப் போன் போட்டு அவனை அமைதிப்படுத்தக் கொடுக்கும் இரவு மாத்திரையைக் கூட்டச் சொன்னேன். அவரும் கூட்டினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேனா? இல்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்த அவன் அம்மா லட்சுமம்மா என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"இன்னிக்கி சனிக்கெழம இல்லியே சிஸ்டர்."

அவர் கண் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போய்த் திரும்பியது. நான் நேரே கட்டிலுக்குப் போனேன். நாகேஷ் உடம்பை முறுக்கிக்கொண்டு கிடந்தான். வாயோரம் பச்சையாக வாந்தி. சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தேன். மத்தளம்போல விறைத்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் குடல் சத்தமே இல்லை.

"மோஷன் போறானாம்மா?"

"போறான் சிஸ்டர். தாள்ல போட்டுக்கீறேன் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஞாயிறு டிக், திங்கள் டிக், செவ்வாய் டிக். புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றிலும் டிக். அப்போது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி.

"இன்னும் வராத நாளுக்கு எப்படிம்மா போட்டீங்க?"

அவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். "ஞாத்துக்கெழமையே குந்திக்கினு மொத்தமா போட்டுடுவேன். வேல வூட்டுக்குப் போயிட்டு வந்தா மறந்துடுது. கட்டம் காலியா கீதுன்னா நீங்க கோச்சிக்கிறீங்க. ஒருதபா இன்ட்டு போட்டதுக்கும் திட்னீங்க, மருந்து குடுக்கலியான்னு."

திட்டினேன். நினைவிருக்கிறது. அன்று அவர் மருந்தைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார் என்பதும் நினைவிருக்கிறது.

"நெசமா எப்ப போனான்? திட்ட மாட்டேன், சொல்லுங்க."

"அமாவாசைக்கித் தலைக்கி ஊத்துனேன். அன்னிக்கிப் போனான்."

அமாவாசை போய்ப் பதினோரு நாள். அதற்கு மேல், சனிக்கிழமை நான் கூட்டச் சொன்ன மாத்திரை குடலை இன்னும் மந்தமாக்கும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

போர்வையில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரைப் பிடித்து, குறுகலான படியில் இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ரோஹன் என்ற இளம் டாக்டர். நாகேஷ் ஸ்ட்ரெச்சர் கம்பியில் தலையை மோதிக்கொண்டிருந்தான்.

"இவரு யாவாகலூ ஹீகேனா?" எப்போதும் இப்படித்தானா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே, அமைதிப்படுத்த ஊசி எடுத்து வரச் சொன்னார். "மோஷன் எல்லாம் சரியா போகுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லட்சுமம்மா பையிலிருந்து போன வாரத் தாளை எடுத்து நீட்டினார்.

"டெய்லி போறான் சார். சிஸ்டர் கரெக்டா எழுத வெச்சிக்கீறாங்க. அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல."

மகன் கண்ணெதிரே துடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மா என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க டாக்டர். அந்த சார்ட் பொய். பதினோரு நாளா போகல. பச்சை வாந்தி எடுக்கிறார். நான்தான் வயித்தத் தொட்டுப் பாக்காம பிடிவாதம்னு விட்டேன். ஊசி வேணாம், மொதல்ல எக்ஸ்ரே எடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாகேஷின் சட்டையைத் தூக்கினார். அதற்கப்புறம் அவர் கை வேகமாகியது.

குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன், உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். லட்சுமம்மா கைநாட்டு வைக்காமல் கன்னடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், குடிக்காத காப்பியைக் கொட்டினேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க. நாந்தானே போட்டேன்."

மாலை நாலரைக்கு சர்ஜன் வெளியே வந்தார். ஒரு அடி குடலை எடுத்தாகிவிட்டது, ஆள் தேறிவிடுவார், நாளைக்கு வந்திருந்தால் கஷ்டம் என்றார். லட்சுமம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கோவமா சிஸ்டர்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். வராந்தாவின் கோடிக்குப் போய்ப் போனை எடுத்தேன். என் வீடுகள் இருபத்து மூன்று. போன வாரம் எடுத்த தாள்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒரு கட்டம் காலியில்லை. ஒரு இன்ட்டு இல்லை. இத்தனை நாள் அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வரிசையில் முதலில் இருந்த எண்ணை அழைத்தேன். கேத்தரின் எடுத்தாள். என் தெருவிலேயே இருப்பவள், படுக்கையில் இருக்கும் தம்பி ரெமிஜியஸைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துக்கொண்டு, நேற்று அவனுக்கு மோஷன் போனதா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தாளைத் தேடி எடுக்கும் சத்தம்.

"எல்லாம் போட்டுட்டேன் சிஸ்டர்" என்றாள் அவசரமாக. "சனிக்கிழமை வரைக்கும் போட்டுட்டேன்."