நாலு தடவை கலக்கிய சிவப்பு

இருபதடி தூரத்திலிருந்தே அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. உணவகத்தின் பின்சுவர் அலமாரியில் நின்ற பாட்டில்களில் நான்காவது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? நாலு தடவை மை கலக்கி, மூன்று தடவை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் எங்கள் அச்சகத்தில் நாற்பதாயிரம் லேபிள் ஓட்டிய சிவப்பு அது. "அதோ, அந்த ஒயினைக் கொண்டு வாங்க" என்று கைகாட்டினேன். அன்று மாலை நான் தைரியமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் அம்மா. முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வயது நாற்பத்தொன்று, ஒரு கல்யாணம் ஆகி முறிந்தும் போயாயிற்று. "அம்மாவுக்கு உன்னைப் பிடிச்சிடணும், அவ்ளோதான்" என்று, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் வரும் வழியிலேயே சொல்லியிருந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. ஆன்ட்டி என்றால் அந்நியம், அம்மா என்றால் நடிப்பு, அத்தை என்றால் அவசரக்குடுக்கை. அரை மணி நேரமாக "வந்து...", "இல்லைங்க..." என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, உப்புக் குப்பியை நேராக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

பரிமாறுபவர் பாட்டிலைக் கொண்டுவந்தார். கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் லேபிளின் ஓரத்தைத் தடவினேன். சாய்த்துப் பிடித்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடிகூட வெளியே வந்துவிட்டது.

"இது நாங்க அடிச்ச லேபிளுங்க" என்றேன். பெருமை பிடிபடவில்லை.

"அப்படியா மேடம்? நிறையப் பேர் பேருக்காகவே கேட்டு வாங்குவாங்க" என்ற பரிமாறுபவர், நாங்கள் கேட்காமலே உரக்கப் படித்தார்: "மாமியாரின் மௌனம்."

பூதக்கண்ணாடியை அவசரமாகப் பைக்குள் போட்டேன். மூன்று மாதம் அந்த லேபிளோடு குடித்தனம் நடத்தியவள் நான். ஒரு நாளாவது படித்தேனா? எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, எழுத்து என்ன சொல்கிறது என்று யார் பார்த்தார்கள்! மகனுக்குத் தண்ணீர் புரையேறியது.

"சத்தியமா நான் படிக்கவே இல்லைங்க. கலரை மட்டும்தான் பார்த்தேன்."

அவர் பாட்டிலைத் தன் பக்கம் திருப்பினார். கொண்டை போட்ட ஒரு பெண்மணி உதட்டில் விரல் வைத்தபடி லேபிளிலிருந்து அவரைப் பார்த்தாள். "ஊத்துங்க" என்றார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் பார்த்தால் சிரிப்பில் அவர் தோள் குலுங்குகிறது.

"ஒரு தடவை எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துச்சு. அந்த ஆர்டரை டைப் அடிச்சது யாருங்கிற? நான்தான். என் பேரை நானே அடிச்சு, மூணு காப்பி எடுத்து, ஆபீசர்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டு வந்து சீட்டுல உக்காந்துட்டேன். பக்கத்து சீட்டுக்காரி வந்து 'எப்போ கெளம்புற'ங்கிறா. நான் 'எங்கடி'ங்கிறேன்!"

"இதை எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா" என்றார் மகன்.

"உனக்கு என்னடா புரியும்? இவளுக்குத்தான் புரியும்."

இவள் என்றாரே, அந்த ஒரு சொல்லுக்கு நான் கண் கலங்கிவிட்டேன். ஒயினும் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் பழவாசனை. ஆளுக்கு இரண்டு கிளாஸ் ஆனது. சிரித்துச் சிரித்துப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் அவருக்கு அந்த லேபிள் வேண்டுமாம். வெந்நீரில் நனைத்த துணியைப் பாட்டிலில் சுற்றி வைத்தோம். பொறுமையில்லாமல் துணியை விலக்கி, மேல்பக்கம் சுரண்ட ஆரம்பித்தார்.

"அங்க வேண்டாம், கிழிஞ்சிடும். கீழ் மூலையிலேர்ந்து எடுங்க அத்தை."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் நிமிரவில்லை. தட்டச்சுக்காக ஒட்ட வெட்டியே பழகிய நகம், மூலையைக் கிளப்ப முடியவில்லை. பாட்டிலைச் சற்றுத் திருப்பி, என் கட்டைவிரலுக்கு இடம் விட்டார். ஈரச் சிவப்பு முழுசாக உரிந்து, எங்கள் இரண்டு பேர் விரல்களிலும் ஒட்டிக்கொண்டு வந்தது.